வீட்டு ஜெனரேட்டருக்குப் புரோபேன் தொட்டி: 450 லிட்டர் போதுமா?

தாழ்வாரம்

வணக்கம். எங்கள் வீட்டுக்குக் குழாய்வழி எரிவாயு இணைப்பு கிடையாது. மின்தடை ஏற்பட்டால் சில வேளைகளில் மூன்று நாள் வரை நீள்கிறது. அம்மா இரவு பகலாக ஆக்சிஜன் செறிவூட்டியைச் சார்ந்திருப்பதால், புரோபேனில் ஓடும் 20 கிலோவாட் தானியங்கி ஜெனரேட்டர் ஒன்றுக்கு முன்பணம் கட்டிவிட்டோம். தொட்டி இன்னும் முடிவாகவில்லை. எரிவாயு வழங்குபவர், 450 லிட்டர் நின்ற தொட்டியே மூன்று நாளுக்குத் தாராளமாகப் போதும் என்றும், அதைச் சுவரை ஒட்டியே வைத்துவிடலாம் என்றும் சொல்கிறார். குளிர்காலத்தில் சில இரவுகள் இங்கே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும். அவர் சொல்வது சரிதானா என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். தொட்டியை மண்ணுக்குள் புதைப்பது நல்லதா என்ற கேள்வியும் இருக்கிறது.

வாயுப்பணி

அம்மா, வழங்குபவரின் கணக்கில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. 450 லிட்டர் என்பது தொட்டியின் நீர்க் கொள்ளளவு. வெயில் ஏறும்போது திரவப் புரோபேன் வெகுவாக விரிவடையும் என்பதால் 80 சதவீதத்துக்கு மேல் நிரப்பமாட்டார்கள். ஆகவே நிரப்பிய அன்று உள்ளே இருப்பது 360 லிட்டர். தொட்டியின் அளவுமானி முள் 20 சதவீதத்தைத் தொடுவதற்குள் அடுத்த லாரி வந்துவிட வேண்டும் என்பது எங்கள் தொழிலில் வழக்கம் என்பதால், நீங்கள் நம்பிச் செலவழிக்கக்கூடியது 270 லிட்டர்தான்.

இனி இயந்திரத்தின் பசியைப் பாருங்கள். ஒரு லிட்டர் புரோபேனில் ஏறத்தாழ 6.5 கிலோவாட்மணி வெப்ப ஆற்றல் இருக்கிறது. காற்றால் குளிரும் சிறிய எஞ்சின் அதில் கால் பங்குக்கும் குறைவாகவே மின்சாரமாக மாற்றித் தரும். 20 கிலோவாட் இயந்திரம் முழு லோடில் மணிக்கு 13 முதல் 14 லிட்டர் வரை குடிக்கும். பாதி லோடில் அது பாதியாகக் குறையும் என்று எண்ணிவிடாதீர்கள், அப்போதும் 9 லிட்டர் அளவுக்குப் போகும். அந்தக் கணக்கில் 270 லிட்டர் என்பது முப்பது மணிநேரம். அதே தொட்டியில் அடுப்பும் வெந்நீர்க் கருவியும் இணைந்திருந்தால் அவற்றின் பங்கையும் கழித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது ஓட்டையைப் பற்றி எழுதுவதற்கு முன், உங்கள் வீட்டின் உண்மையான லோடு என்ன என்று தெரிய வேண்டும். யூகம் வேண்டாம், அளந்து சொல்லுங்கள்.

பனிமேடு

இரண்டாவது ஓட்டையை நான் என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன் என்பதால் குறுக்கிடுகிறேன்.

எங்களிடம் இருந்ததும் ஒரு சிறிய நின்ற தொட்டிதான். மின்தடையின் இரண்டாம் நாள் இரவு மூன்று மணிக்கு ஜெனரேட்டரின் ஓசை மாறியது. சீராக உறுமிக்கொண்டிருந்தது, மூச்சிரைப்பதுபோல ஏறி இறங்கத் தொடங்கி, விளக்குகளை மங்கவும் பளிச்சிடவும் வைத்து, பத்து நிமிடத்தில் நின்றுவிட்டது. எரிவாயு தீர்ந்துவிட்டது என்று நினைத்து டார்ச்சுடன் போய்ப் பார்த்தால் முள் 30 சதவீதத்தில் நின்றது. தொட்டியின் அடிப்பகுதியில், ஏறத்தாழ முழங்கால் உயரம் வரை, வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. அதற்கு மேலே இரும்பு வெறுமனே ஈரமாக இருந்தது. கோடு போட்டதுபோல அந்தப் பனியின் விளிம்பு எங்கே நின்றதோ, அதுதான் உள்ளே திரவத்தின் மட்டம் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

காலையில் வெயில் பட்டு ஒன்றரை மணிநேரம் ஆனதும் அதே தொட்டி, அதே 30 சதவீதத்துடன், இயந்திரத்தை ஒழுங்காக ஓட்டியது. எரிவாயு இருந்தும் வராமல் போன அந்த இரவை மறக்க முடியவில்லை.

வாயுப்பணி

பனிமேடு எழுதியதைவிடத் தெளிவாக நான் விளக்கிவிட முடியாது, காரணத்தை மட்டும் சேர்க்கிறேன்.

தொட்டிக்குள் இருப்பது திரவம், எஞ்சினுக்குப் போவது ஆவி. புரோபேனின் கொதிநிலை மைனஸ் 42 டிகிரி. அதற்கு மேலான எந்த வெப்பநிலையிலும் அது கொதித்து ஆவியாகத் துடிக்கும், ஆனால் ஆவியாவதற்கு வெப்பம் வேண்டும். ஒரு கிலோ திரவம் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் தேவை. உங்கள் இயந்திரம் முழு லோடில் மணிக்கு ஏழு கிலோ கேட்கிறது என்றால், வெளிக்காற்றிலிருந்து இரும்புச் சுவர் வழியாக இடைவிடாமல் 0.7 கிலோவாட் வெப்பம் உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும். திரவம் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர்ப்பரப்பு வழியாகத்தான் அந்த வெப்பத்தில் பெரும்பகுதி போகும். வெப்பம் போதாதபோது திரவம் தன்னையே குளிர்வித்துக்கொள்கிறது. திரவம் குளிரக் குளிர அழுத்தம் விழுகிறது. 20 டிகிரியில் ஏழு பாருக்கு மேல் காட்டும் அழுத்தமானி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு பாரைக்கூட எட்டாது.

இதில் மோசமான பகுதி என்னவென்றால், மட்டம் இறங்க இறங்க நனைந்த பரப்பும் சுருங்குகிறது. எங்கள் தொழிலில் பழகிய கட்டைக் கணக்கு ஒன்று உண்டு: 60 சதவீதம் நிரம்பிய தொட்டி ஆவி தரும் வேகத்தை 100 என்று வைத்தால், 20 சதவீதத்தில் அது 60, 10 சதவீதத்தில் 45. மின்தடை நீண்டு, இருப்பு குறைந்து, குளிரும் கூடியிருக்கும் அந்த வேளையில்தான் தொட்டி மிகவும் தளர்ந்திருக்கும். 450 லிட்டர் நின்ற தொட்டி 20 சதவீதத்தில், மைனஸ் 7 டிகிரியில், உங்கள் இயந்திரத்தின் முழு லோடு கேட்பதில் ஏறக்குறைய பாதியைத்தான் தர முடியும். 950 லிட்டர் கிடைத் தொட்டி அந்த நிலையில் எல்லைக்கோட்டில் நிற்கும். 1,900 லிட்டர் தொட்டி தாராளமாகத் தாங்கும். பெரிய தொட்டியை நான் பரிந்துரைப்பது நாள் கணக்குக்காக அன்று, இந்த வேகத்துக்காக.

வழங்கப்படுவது தூய புரோபேனா, பியூட்டேன் கலந்ததா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பியூட்டேன் பூஜ்ஜியத்துக்கு அரை டிகிரி கீழேயே கொதிப்பதை நிறுத்திவிடும். கலவையிலிருந்து புரோபேன் முதலில் ஆவியாகி வெளியேற, பியூட்டேன் அடியில் தங்கிக்கொண்டே போகும். முள் இருப்பைக் காட்டும், எஞ்சினுக்கு எதுவும் வராது.

பனி பூத்த தொட்டிமேல் தீப்பந்தமோ ஹீட்டரோ காட்டுவதை யாரும் நினைத்தும் பார்க்க வேண்டாம். முதலில் லோடைக் குறையுங்கள், தொட்டி தானாக மீளும்.

நெடுஞ்சாலை

இவ்வளவு சிரமம் எதற்கு? டீசல் ஜெனரேட்டர் வைத்துவிட்டால் ஆவியும் இல்லை, பனியும் இல்லை.

வாயுப்பணி

டீசலும் கடுங்குளிரில் மெழுகாகத் திரியும், ஈரம் சேர்ந்தால் பூஞ்சை பிடிக்கும், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்தால் வடிகட்டிப் பார்த்துத்தான் நம்ப வேண்டும். புரோபேன் தொட்டியில் பத்தாண்டு கிடந்தாலும் கெடாது. ஆண்டில் சில நாட்கள் மட்டுமே ஓடப்போகும் இயந்திரத்துக்கு அது பெரிய வசதி. இழை டீசலைப் பற்றியது அன்று என்பதால் இதோடு விடுகிறேன்.

தாழ்வாரம்

விளக்கத்துக்கு மிக்க நன்றி, ஐயா. ஒரு மின்பணியாளரைக் கொண்டு கிளாம்ப் மீட்டரில் இரண்டு நாள் அளந்தோம். ஆக்சிஜன் செறிவூட்டி 350 வாட்தான் இழுக்கிறது, நான் பயந்த அளவுக்கு இல்லை. ஃபிரிட்ஜ், விளக்குகள், ஒரு ஏசி எல்லாம் சேர்ந்து சராசரியாக 6 கிலோவாட் வருகிறது. ஆனால் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் கிளம்பும் அந்தக் கணத்தில் மட்டும் 14 கிலோவாட்டைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. இதை வைத்துத் தொட்டியைத் தீர்மானிக்கலாமா? அதோடு, மண்ணுக்குள் குளிர் அவ்வளவாக இறங்காது என்பதால் புதைத்த தொட்டி இந்தப் பனிப் பிரச்சினைக்குத் தீர்வாகுமா?

மண்வெட்டி

புதைத்த தொட்டியுடன் ஆறு ஆண்டுகளாக வாழ்பவன் என்ற உரிமையில் பதில் சொல்கிறேன், சகோதரி. ஆழத்தில் மண்ணின் வெப்பநிலை ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாது என்பதால், கடுங்குளிர் நாட்களில் புதைத்த தொட்டி நிலையாக ஆவி தரும் என்பது உண்மை. கோடை வெயிலின் அழுத்தமும் அதற்கு இல்லை. ஆனால் மழை அதிகமுள்ள இடத்தில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை எனக்குக் குழி வெட்டியவர்கள் சொல்லவில்லை.

1,900 லிட்டர் தொட்டி முழுவதும் நிலத்தடி நீரில் மூழ்கினால் 1,900 கிலோ தண்ணீரை இடம்பெயர்க்கும். இரும்பின் எடை ஏறத்தாழ 430 கிலோ. 80 சதவீதம் நிரப்பிய புரோபேனின் எடை 770 கிலோ, ஏனென்றால் அது தண்ணீரில் பாதி அடர்த்திதான். இரண்டையும் கூட்டினால் 1,200 கிலோ. ஆகவே முழுதாக நிரப்பிய தொட்டிகூட மிதக்கத்தான் பார்க்கும், காலித் தொட்டியைக் கேட்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் முதல் பெருமழையிலேயே, தொட்டியின் வால்வுகளை மூடித் தரைக்கு மேலே தெரியும் கூம்பு ஒரு சாண் மேலே எழும்பி, தரையில் வட்டமாக வெடிப்பு விட்டிருந்தது. நல்லவேளையாகக் குழாய் முறியவில்லை. பிறகு மீண்டும் தோண்டி, அடியில் கான்கிரீட் பலகை போட்டு, பூச்சு உரியாத பட்டைகளால் தொட்டியை அதோடு கட்டினோம்.

புதைப்பதென்றால் புதைப்பதற்கென்றே எபாக்சி பூசிய தொட்டியாக இருக்க வேண்டும். தரைமேல் வைக்கும் தொட்டியை அப்படியே குழிக்குள் இறக்கக்கூடாது. இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காக மக்னீசியக் கட்டிகளையும் உடன் புதைப்பார்கள், அவற்றின் மின்னழுத்தத்தை அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும். குழியைக் கல் கலக்காத மணலால் மூட வேண்டும், ஒரு கூர்க்கல் பூச்சைக் கீறினால் அந்த இடத்திலிருந்துதான் துரு தொடங்கும்.

வாயுப்பணி

மண்வெட்டி சொன்ன எடைக்கணக்கு சரியானது. நிலத்தடி நீர் உயரும் இடமென்றால் நான் தரைமேல் தொட்டியையே தேர்வேன். வெள்ளம் நிற்கும் இடமென்றால் அதையும் கட்டித்தான் வைக்க வேண்டும்.

உங்கள் அளவீட்டைப் பற்றி: 6 கிலோவாட் சராசரிக்கு மணிக்கு 6 முதல் 7 லிட்டர் வரை ஆகும். மூன்று நாளுக்கு 500 லிட்டர். நாள் கணக்கை மட்டும் பார்த்தால் 950 லிட்டர் தொட்டி போதும். உறைநிலைக்குக் கீழே போகும் இரவுகளையும், மழையில் லாரி வராமல் போகும் வாய்ப்பையும் சேர்த்துப் பார்த்தால் 1,900 லிட்டர் கிடைத் தொட்டிக்குப் போவேன். அம்மாவின் சுவாசம் இதை நம்பியிருப்பதால் எல்லைக்கோட்டில் நிற்க வேண்டாம். செறிவூட்டிக்கென்று தனியாக ஒரு பேட்டரி இன்வெர்ட்டரும், ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும் எப்போதும் தயாராக இருக்கட்டும். எந்த ஜெனரேட்டரும் ஒரு நாள் கிளம்பாமல் போகும்.

இடத்தைப் பற்றி: உங்கள் ஊரின் விதியும் தீயணைப்புத் துறையின் அனுமதியும்தான் இறுதியானவை. ஒரு அளவுகோலுக்காக எரிவாயுத் தொட்டிகளுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு நெறிமுறையான என்எஃப்பிஏ 58-ஐச் சொல்கிறேன். அதன்படி 125 கேலன் முதல் 500 கேலன் வரையான தரைமேல் தொட்டி, அதாவது 1,900 லிட்டர் வரை, கட்டடத்திலிருந்தும் எல்லைக்கோட்டிலிருந்தும் 10 அடி தள்ளி இருக்க வேண்டும். அதற்கு மேற்பட்ட கொள்ளளவானால் தூரம் 25 அடியாகிவிடும். இந்த வரம்புக்குள் அடங்குகிறது என்பதாலேயே வீடுகளில் 500 கேலன் தொட்டி இவ்வளவு பரவலாக இருக்கிறது. 125 கேலனுக்குள் அடங்கும் 450 லிட்டர் தொட்டிக்குக் கட்டடத்திலிருந்து தூரம் தேவையில்லை என்பது ஓரளவு உண்மைதான், வழங்குபவர் அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனால் லாரியிலிருந்து நேரடியாக நிரப்பும் தொட்டியின் நிரப்புவாயும் பாதுகாப்பு வால்வும் எரிபொறி உண்டாக்கும் எதிலிருந்தும் 10 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று அதே நெறிமுறை சொல்கிறது. ஏசியின் வெளியலகு அப்படிப்பட்டது, சன்னலோர ஏசி அப்படிப்பட்டது, உங்கள் ஜெனரேட்டரே அப்படிப்பட்டது. சுவரை ஒட்டி வைத்தால் இவற்றில் ஏதாவது ஒன்று குறுக்கே நிற்கும்.

புரோபேன் ஆவி காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. கசிந்தால் தண்ணீரைப்போலப் பள்ளத்தைத் தேடிப் போகும். நிலவறைச் சன்னல், கழிவுநீர்த் தொட்டி மூடி, மழைநீர் வடிகால் ஆகியவற்றுக்கு மேட்டுப்பக்கத்தில் தொட்டியை வைக்காதீர்கள்.

சுற்றுமின்

எல்லாரும் தொட்டியையே பேசுகிறீர்கள், குழாயைப் பற்றி யாரும் பேசவில்லை. புகார் வந்து நான் போய்ப் பார்த்த வீடுகளில் பாதிக்குமேல் குற்றவாளி குழாய்தான்.

ஒரு வீட்டில் பெரிய தொட்டி, நல்ல இயந்திரம், ஆனால் ஏசி கிளம்பும்போதெல்லாம் ஜெனரேட்டர் இருமிவிட்டு நின்றுவிடும். வயரிங்கில் குறை என்று என்னை அழைத்தார்கள். ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாயை யூ வடிவில் ஒரு பலகையில் கட்டி, நிறம் கலந்த தண்ணீர் ஊற்றி, ஜெனரேட்டரின் நுழைவாயில் சோதனைத் துளையில் செருகினோம். இயந்திரம் ஓடாதபோது இரு மட்டங்களுக்கும் இடையே 28 சென்டிமீட்டர் வித்தியாசம், சரியான அளவு. ஓடும்போது 24. ஏசி கிளம்பியதும் தண்ணீர் மட்டம் கண்ணெதிரே 14க்கு வழுக்கி விழுந்தது, எஞ்சினும் நின்றது. அழுத்தத்தைக் குறைக்கும் இரண்டு ரெகுலேட்டர்களையும் தொட்டியின் தலையிலேயே வைத்துவிட்டு, அங்கிருந்து 25 மீட்டருக்கு முக்கால் அங்குலக் குழாயில் குறைந்த அழுத்த ஆவியை அனுப்பியிருந்தார்கள். அந்தத் தூரத்துக்கு அந்தக் குழாய் எப்படிப் போதும்?

முதல் ரெகுலேட்டர் தொட்டியின்மேல் இருந்து ஏறத்தாழ 0.7 பார் அழுத்தத்தில் அனுப்பட்டும். இரண்டாவது ரெகுலேட்டரை ஜெனரேட்டருக்கு அருகில் வையுங்கள், அங்கே அது 27 மில்லிபாருக்கு, அதாவது யூ குழாயில் அந்த 28 சென்டிமீட்டருக்கு, குறைக்கட்டும். அழுத்தம் கூடுதலாக இருக்கும் பகுதியில் ஒல்லியான குழாயே தாராளமாகக் கொண்டுபோகும். அந்த வீட்டில் வேறு எதையும் தொடாமல் இரண்டாவது ரெகுலேட்டரை மட்டும் இடம் மாற்றினோம், அதன்பின் முழு லோடிலும் 26 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கவில்லை. ரெகுலேட்டர்களின் சுவாசத்துளை கீழ்நோக்கி இருக்கிறதா, பூச்சி வலை இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குள் குளவி கூடு கட்டினாலோ, மழைநீர் புகுந்து உறைந்தாலோ அழுத்தம் தாறுமாறாகிவிடும்.

அந்த ஆழ்துளை மோட்டாருக்கு, அதை மெதுவாகக் கிளப்பும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றைப் போட்டுவிடுங்கள், சகோதரி. 14 கிலோவாட் துள்ளல் வெகுவாக அடங்கிவிடும்.

முதல்வீடு

பெரிய தொட்டிக்கு இடமில்லாதவர்கள் 45 கிலோ சிலிண்டர்கள் நான்கை வரிசையாக இணைத்துக்கொள்ளலாமா?

வாயுப்பணி

இணைக்கலாம், பலர் செய்கிறார்கள். நான்கும் ஒரே நேரத்தில் திறந்திருந்தால் நான்கின் சுவர்ப்பரப்பும் சேர்ந்து ஆவி தரும். ஒன்று தீர்ந்ததும் அடுத்ததற்குத் தாவும் தானியங்கி மாற்றியை வைத்துவிட்டால், ஒவ்வொரு நேரமும் ஒரு பக்கம் மட்டுமே வேலை செய்து பனி பூக்கும். அது அடுப்புக்கான அமைப்பு, 20 கிலோவாட் இயந்திரத்துக்கு ஆகாது. சிலிண்டர் எப்போதும் நின்றபடியே இருக்க வேண்டும், படுக்க வைத்தால் திரவமே ரெகுலேட்டருக்குள் போய்விடும்.

பனிமேடு

தொட்டியைச் சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்று யாரும் தொடவில்லை. வாடகைத் தொட்டியென்றால் பராமரிப்பு அவர்கள் பொறுப்பு. ஆனால் தொட்டியின் உரிமையாளரைத் தவிர வேறு யாரும் அதை நிரப்பக்கூடாது என்று ஒப்பந்தத்தில் இருக்கும், அவர் கேட்கும் விலைதான் விலை. தடை நீளும் நாளில் அவருடைய லாரி வராவிட்டால் இன்னொருவரை அழைக்கவும் முடியாது. இந்த ஒரு காரணத்துக்காகவே நான் சொந்தமாக வாங்கினேன்.

தாழ்வாரம்

எல்லாரும் சொன்னதை வைத்து முடிவெடுத்து, வேலையும் முடிந்துவிட்டது. 1,900 லிட்டர் கிடைத் தொட்டி, சொந்தம், தரைமேல், வீட்டிலிருந்து 8 மீட்டரில் கான்கிரீட் பலகைமேல் பட்டை கட்டி நிற்கிறது. லாரியின் குழாய் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று ஓட்டுநரையே வந்து பார்க்கச் சொன்னோம். அவர் வந்ததால்தான் முதலில் குறித்த இடத்துக்கு நடுவே கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருப்பது தெரிந்து இடத்தை மாற்றினோம். தொட்டியிலிருந்து ஜெனரேட்டர் வரை மண்ணுக்குள் மஞ்சள் பாலிஎத்திலீன் குழாய், பிற்காலத்தில் கண்டுபிடிக்க அதனோடு ஒரு கம்பியும் புதைத்திருக்கிறார்கள். இரண்டாவது ரெகுலேட்டர் ஜெனரேட்டருக்கு ஒன்றரை மீட்டரில் இருக்கிறது. ஜெனரேட்டரின் புகை எந்தச் சன்னலையும் நோக்காதபடி திருப்பி, அம்மாவின் அறையில் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் வைத்தோம்.

யூ குழாயை நானே கட்டினேன். நிற்கும்போது 28, ஏசியும் மோட்டாரும் சேர்ந்து ஓடும்போது 26.5.

ஒரே ஒரு ஐயம். முதன்முறை நிரப்பும்போது தொட்டியின் தலையிலிருந்த சிறிய திருகிலிருந்து வெள்ளையாகப் புகைபோல எதுவோ சீறியது. ஓட்டுநர் உடனே நிரப்புவதை நிறுத்தித் திருகை மூடினார். கசிவா?

வாயுப்பணி

கசிவு இல்லை, அம்மா, அவர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார். அந்தத் திருகின் கீழே ஒரு மெல்லிய குழாய் 80 சதவீத மட்டம் வரை தொட்டிக்குள் நீண்டிருக்கும். நிரப்பும்போது அதைத் திறந்து வைத்தால் முதலில் கண்ணுக்குத் தெரியாத ஆவி வரும். திரவம் அந்த மட்டத்தை எட்டியதும் வெளியே வரும் துளிகள் காற்றின் ஈரத்தை உறையவைத்து வெள்ளையாகத் தெரியும். மிதவை முள் தவறலாம், அந்தக் குழாய் தவறாது.

புதுத் தொட்டியில் எரிவாயுவின் வாசனைப்பொருளை உட்சுவர் சில வாரங்களுக்கு உறிஞ்சிக்கொள்ளக்கூடும் என்பதால், முதல் மாதம் மூக்கை மட்டும் நம்பாமல் வாரம் ஒருமுறை எல்லா இணைப்புகளிலும் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். தொட்டியின் பிரதான வால்வை எப்போது திறந்தாலும் மெதுவாகத் திறங்கள். சட்டென்று திறந்தால் உள்ளேயிருக்கும் மிகைப்பாய்ச்சல் வால்வு குழாய் உடைந்துவிட்டதாக எண்ணி அடைத்துக்கொள்ளும், நீங்கள் எரிவாயு வரவில்லை என்று நள்ளிரவில் எங்களை அழைப்பீர்கள். அப்படி அடைத்துக்கொண்டால் வால்வை முழுவதும் மூடி, சில நிமிடம் பொறுத்து, மறுபடியும் மெதுவாகத் திறங்கள்.